தமிழ்க் குறியேற்றமும் கேட்கப்படாத தேவைகளும்

மென்பொருள் ஒன்றை உருவாக்கத் தொடங்குமுன், அது யாருக்கு என்ன செய்து தர வேண்டும் என்று எழுதி ஒப்புக்கொள்ளப்படும் விவரங்களை அத்துறையினர் ‘தேவைகள்’ என்பர். அவை அரைகுறையாகவோ பிழையாகவோ அமைந்து, அக்குறை காலங்கடந்து வெளிப்படும் வாய்ப்பே தேவைசார் இடர் எனப்படுகிறது. தொடக்கத்தில் திருத்துவதைவிட, பயன்பாட்டுக்கு வந்தபின் திருத்துவதற்கு நூறு மடங்குவரை செலவாகலாம் என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் பாரி போம் 1981இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். தமிழ் எழுத்துகள் கணினிக்குள் புகுந்த வரலாற்றிலோ, எவ்வளவு செலவிட்டாலும் திருத்த முடியாத பிழைகளும் நேர்ந்தன.

எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறை குறியேற்றம் எனப்படும். இந்திய அரசின் மின்னணுத் துறை 1980களில் வகுத்த ‘இஸ்கி’ குறியேற்றம், பிராமியிலிருந்து கிளைத்த முக்கிய இந்திய எழுத்துமுறைகளை ஒரே எண் வரிசையில் அடக்கி, ஒரு மொழியின் பெயரை இன்னொன்றின் எழுத்துக்கு எளிதில் மாற்ற வழிசெய்தது. பல மொழிகளில் படிவம் அச்சிடும் நடுவண் அரசுக்கு அது நியாயமான தேவைதான். ஆயினும் அகராதி தொகுப்போரின் தேவையும் தமிழ் இலக்கணத்தின் தேவையும் அதில் இடம்பெறவில்லை. 1991இல் வெளியான, உலக எழுத்துமுறைகளுக்கான பொதுக் குறியேற்றமாகிய ஒருங்குறியின் (யூனிகோடு) முதற் பதிப்பு, 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியபோது, தேவநாகரியின் நிழலும் உடன் வந்தது: க, ங ஆகியவற்றுக்கு இடையே மூன்று இடங்கள் வெறுமையாக நின்றன, ன என்பது ந என்பதை அடுத்தும், ற என்பது ர என்பதை அடுத்தும் அமர்ந்தன, ழ, ள ஆகியவை இடம் மாறின. மெய்யே அடிப்படை, அதனோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்பது தமிழ் மரபு. இங்கோ அகரமேறிய ‘க’ அடிப்படையாகி, ‘க்’ என்று எழுத அதனுடன் புள்ளிக்கும் தனி எண் தேவைப்பட்டது. எண் வரிசைப்படி அடுக்கினால் அகரவரிசை குலைந்துவிடும் என்பதால், சொற்களை வரிசைப்படுத்தத் தனி விதிகள் எழுத நேர்ந்தது. ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்ற கொள்கையை ஒருங்குறி அமைப்பு 1996 முதல் கடைப்பிடிப்பதால், திருத்தத்துக்கான கதவும் அடைபட்டது.

இதற்கிடையே புலம்பெயர் தமிழர்கள் மின்னஞ்சலில் கலந்து பேசித் ‘திஸ்கி’ என்ற குறியேற்றத்தை வகுத்தனர், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. அச்சகங்களும் இதழ்களும் தத்தம் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் வைத்திருந்தமையால், ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்த காலம் அது.

தமிழ்நாடு அரசு 2010 ஜூன் 23 நாளிட்ட ஆணையால் ஒருங்குறியையும், அது இயங்காத இடங்களில் ‘டேஸ்-16’ஐயும் தரமாக ஏற்றது. ஒவ்வொரு மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16, இலக்கணத்துக்கு ஒத்ததும் கணினிக்குச் சுமை குறைந்ததுமாகும். ஆனால், ஒருங்குறியில் எவரும் தம் விருப்பப்படி ஆளலாம் என்று விடப்பட்ட தனிப்பயன் பகுதியில் அது அமைந்ததால், பிற மென்பொருள்கள் அதனை மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. சென்னையில் பிறந்த ஆணை கோரிமேட்டு எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள்கூடச் செல்லுபடியாகாது; தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அது எவ்விதத்திலும் பொருந்தாது. எங்கு அனுப்பினாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே பயனர்களின் முதல் தேவையாக இருந்தமையால், குறைகளோடும் ஒருங்குறியே வென்றது. டேஸ்-16ஐ வகுத்தவர்களும் இத்தேவையைக் குறைத்தே மதிப்பிட்டனர் என்று கருத இடமுண்டு.

அதே 2010இல், கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடம் கோரிய முன்மொழிவு ஒன்றில், தமிழுக்கே உரிய ழ, ற, ன முதலிய ஐந்து எழுத்துகளின் வடிவங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. இம்முறை தமிழறிஞர்கள் முன்னரே எதிர்த்தனர். தமிழ்நாடு அரசும் முடிவை நிறுத்திவைக்குமாறு நடுவண் அரசைக் கேட்டுக்கொண்டது. 2014இல் ஒருங்குறியின் 7.0ஆம் பதிப்பில் கிரந்தம் இடம்பெற்றபோது அந்த ஐந்தும் அதில் இல்லை.