கொலைகாரனைத் தேடும் கொரியத் தொடர்கள்: நாங்கள் ஏன் பார்க்கிறோம்?

படுவான்கரையில் எனக்கு ஒரு மாமி இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து இராணுவம் கொண்டுசென்ற 158 பேரில் அவரின் தம்பியும் ஒருவர். போன மாரியில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, நான் போனில் பார்த்துக்கொண்டிருந்த கொரியத் தொடரைப் பக்கத்தில் இருந்து அவரும் பார்க்கத் தொடங்கினார். கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல, 16 பகுதிகளையும் பார்த்து முடித்தார்.

அந்தத் தொடர் 2021 இல் வெளிவந்த ‘பியோண்ட் ஈவில்’. இருபது வருடங்களுக்கு முன் காணாமல் போன தங்கையைத் தேடும் ஒரு பொலிஸ்காரனின் கதை. வெட்டப்பட்ட விரல் நுனிகள் மட்டும் வீட்டு வாசலில் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை. கடைசியில் தன் சொந்த வீட்டின் நிலவறைச் சுவருக்குள் இருந்தே அவளைக் கண்டெடுக்கிறான். அந்தக் காட்சியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமி திருப்பவில்லை.

“மறுகா, எலும்ப அவன்ட கையில குடுத்தாங்களா?” என்று கேட்டார்.

“அவனே தோண்டி எடுத்தவன், மாமி.”

“அப்ப அவன் குடுத்துவச்சவன்.”

தொடர் கொலைகாரனைப் பற்றிய கதைகள் போரைக் கண்ட எங்களை ஏன் இழுக்கின்றன என்ற கேள்வி அன்று முதல் என்னோடு இருக்கிறது. அதற்குப் பதில் தேட, இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்க்கவேண்டும்.

நிஜமாக நடந்தது

2012 இல் ரூபவாஹினி சிங்களத்தில் ஒளிபரப்பிய ‘சுஜாத தியணி’தான் எங்களில் பலர் பார்த்த முதல் கொரியத் தொடர். அது அரண்மனைக் கதை. கொலை விசாரணைத் தொடர்கள் பின்னர் கைத்தொலைபேசி வழியாக வந்தன. அவற்றில் பலவற்றின் அடியில் ஒரே உண்மைச் சம்பவம் கிடக்கிறது: ஹ்வாசொங் கொலைகள்.

தலைநகர் சோலுக்குத் தெற்கே, வயல்கள் சூழ்ந்த ஹ்வாசொங் பகுதியில், 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டனர். பாடசாலை மாணவி முதல் எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி வரை அதில் அடக்கம். சுமார் 21,000 பேர் விசாரிக்கப்பட்டும் கொலைகாரன் அகப்படவில்லை. அது தென்கொரியா இராணுவ ஆட்சியில் இருந்து மக்களாட்சிக்கு மாறிய காலம். பொங் ஜூன்-ஹோ இந்தக் கொலைகளை வைத்து 2003 இல் ‘மெமரீஸ் ஒஃப் மேர்டர்’ என்ற படத்தை எடுத்தார். அதில், இன்னொரு கொலையைத் தடுக்க மேலதிகக் காவல் கேட்கும்போது, படையினர் எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டதாகப் பதில் வருகிறது.

2019 இல் மரபணுச் சோதனை ஒரு பெயரைக் காட்டியது: லீ சுன்-ஜே. மனைவியின் தங்கையை 1994 இல் கொன்ற குற்றத்திற்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஆனால் வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு 2006 இலேயே முடிந்திருந்தது. பழைய கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு உண்மைகள் வெளியே வந்தன. அந்தக் கொலைகளில் ஒன்றிற்காக, கால் ஊனமான ஓர் இளைஞனைப் பொலிஸார் வதைத்து வாக்குமூலம் வாங்கியிருந்தனர். அவர் சுமார் இருபது வருடங்கள் சிறையில் கழித்தார். 2020 டிசம்பரில்தான் நிரபராதி என விடுவிக்கப்பட்டார். மற்றது, 1989 இல் காணாமல் போன ஓர் ஆரம்பப் பாடசாலைச் சிறுமி. அவளின் பொருட்கள் கிடைத்தும் பொலிஸார் அதை மறைத்து, சாதாரணமாகக் காணாமல் போனவள் என்று கோப்பை மூடியிருந்தனர். அரசு இழப்பீடு வழங்கவேண்டும் என்று 2022 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவளின் தாயும் தந்தையும் உயிரோடு இல்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகும் நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

தொடர்கள் என்ன சொல்கின்றன

2016 இல் வந்த ‘சிக்னல்’ தொடரில், பழைய வோக்கி டோக்கி ஒன்றின் வழியாக இன்றைய பொலிஸ்காரர் ஒருவர் 1989 இல் இருக்கும் பொலிஸ்காரருடன் பேசுகிறார். கைவிடப்பட்ட வழக்குகள் மீண்டும் திறக்கின்றன. கொலை வழக்குகளுக்கான காலக்கெடுவைத் தென்கொரியா நீக்கியது 2015 இல். அந்தச் சூட்டோடு வந்த தொடர் இது. 2017 இல் வந்த ‘டனல்’ தொடரில் 1986 இல் கொலைகாரனைத் துரத்தும் பொலிஸ்காரர் சுரங்கப்பாதை ஒன்றின் வழியாக இன்றைய காலத்திற்கு வந்துவிடுகிறார். 2020 இன் ‘ஃபிளவர் ஒஃப் ஈவில்’ வேறு வகை: கணவன் மீதே சந்தேகப்படவேண்டி வந்த பெண் பொலிஸ் அதிகாரியின் கதை.

இளையவர்கள் திருப்பங்களுக்காகப் பார்க்கிறார்கள். பதினாறு பகுதிகளில் முடிவதும் ஒரு காரணம். சன் டிவித் தொடர்களைப்போல வருடக்கணக்கில் இழுபடுவதில்லை. ஆனால் மாமியைப் போன்றவர்களைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. ‘ராட்சசன்’ போன்ற தமிழ்ப் படங்களில் கதை துரத்தலோடு ஓடும். இந்தக் கொரியத் தொடர்களில் காத்திருப்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. தேநீர் போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்க்கும் தாயையும், வருடக்கணக்கில் பொலிஸ் நிலையத்திற்கு நடக்கும் தகப்பனையும் கமரா நின்று பார்க்கிறது. முடிவில் ஒரு பெயர் சொல்லப்படுகிறது. ஓர் இடம் காட்டப்படுகிறது. காந்திப் பூங்காவில் படங்களை ஏந்தி நிற்கும் எங்கள் அம்மாமார் கேட்பதும் அந்த இரண்டையும்தான்.

ஒரு கொலைகாரன் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கொலைகாரன் என்றால் எங்கோ இருக்கும் ஒரு மனநோயாளி, அவன் பிடிபட்டால் ஊர் சுத்தமாகிவிடும் என்ற எண்ணத்தை இந்தக் கதைகள் எளிதாக விதைத்துவிடும். எங்களிடம் நடந்தது அப்படியல்ல. பெயர்ப் பட்டியல் இருந்தது. பஸ் வந்தது. சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி இருந்தான்; சில ஊர்களில் அவன் யாரென்று அன்றே தெரியும். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதற்குப் புலிகளே பொறுப்பு என்று அந்த ஊர் மக்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊர்களில் அதைப் பற்றிய பேச்சே அரிது.

‘பியோண்ட் ஈவில்’ எங்களுக்கு நெருக்கமாக இருப்பதும் இதனால்தான். அதில் கொலைகாரன் ஊருக்கே சாமான் விற்கும் கடைக்காரன். ஆனால் தங்கையின் மரணத்தை இருபது வருடம் மறைத்து வைக்க அவன் ஒருவனால் முடியவில்லை. பொலிஸ் உயரதிகாரி, அரசியல்வாதி, காணி வியாபாரி என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு வாயை மூடியிருக்கிறார்கள். அந்த வாய்களை ஒவ்வொன்றாகத் திறப்பதுதான் தொடரின் பாதி.

இவை எல்லோருக்கும் ஏற்ற கதைகள் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு அன்றிரவு தூக்கம் போகும். அவர்கள் பார்க்காமல் விடுவதே நல்லது. பார்க்கிறவர்கள் தனியே இருந்து பார்க்காமல், பேச ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். கொரியாவில் கொலை வழக்கின் காலக்கெடுவை நீக்கச் சட்டத்தையே மாற்றவேண்டி இருந்தது. இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் கொலை வழக்குக்குக் காலக்கெடு ஏற்கெனவே இல்லை. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் வந்தது. சட்டத்தில் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போய்ப் பேசவேண்டியவர்கள்தான் பேசவில்லை. அவர்களில் பலருக்கு இப்போது மாமியின் வயது.

லீ சுன்-ஜேயின் பெயர் வெளிவர 33 வருடங்கள் எடுத்தன என்று மாமிக்குச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

“எங்களுக்கு அது எப்பவோ முடிஞ்சிட்டு, மகள்” என்றார்.