கேமரா வருவதற்குப் பதினான்கு வருடம் முன்பு

என் கல்லூரித் தோழன் ஒருவன் ஆம்ஸ்டல்வேனில் இருக்கிறான். ஆம்ஸ்டர்டாமை ஒட்டின ஊர், நம்ம ஐடி ஆட்கள் ஏகப்பட்ட பேர் குடியிருக்கும் இடம். அங்கே போனதிலிருந்து வாட்ஸப் குழுவில் தினம் ஒரு போட்டோ போடுகிறான். பாலத்துக் கம்பியில் சாய்த்து வைத்த சைக்கிள்கள், மழையில் நனைந்த செங்கல் தெரு, திரையே போடாத ஜன்னல்கள், அதற்குள்ளே விளக்கும் புத்தக அலமாரியும். எல்லாப் படத்திலும் எங்காவது ஒரு கால்வாய் வந்துவிடும்.

கால்வாய் என்றால் எனக்கும் ஒன்று உண்டு. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிப் போகும் பக்கிங்ஹாம் கால்வாய். ஒருநாள் வேலைக்குப் போகும்போது அதை போட்டோ எடுத்து "நம்ம ஊர் ஆம்ஸ்டர்டாம்" என்று பதிலுக்குப் போட்டேன். ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், கறுப்புத் தண்ணீர். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சீரியஸாகக் கேட்டான்: "டேய், மெட்ராஸ் பக்கம் டச்சுக்காரங்க கோட்டை கட்டி இருந்தாங்களாமே, ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். நல்லதா நாலு போட்டோ எடுத்து அனுப்பு."

கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஏரியாவில்தான் தொடங்குகிறது. ஒரு ஞாயிறு காலை பைக்கை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனேன். மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். டச்சுக்காரர்கள் இதைச் சட்ராஸ் ஆக்கிவிட்டார்கள். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போன துறைமுகம். செங்கல் கோட்டை, வாசலில் பீரங்கி, உள்ளே வளைகூரை போட்ட நீளமான கிடங்குகள், மதில் தாண்டினால் கடல். மதிலுக்குள்ளேயே சின்னதாக ஒரு கல்லறைத் தோட்டம்.

கல்லறைக் கற்கள்தான் அசத்தல். குடும்பச் சின்னம், மண்டையோடு, பூவேலை, அதற்குக் கீழே புடைப்பாகச் செதுக்கின எழுத்து. செத்தவரின் வயதை இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று கணக்குப் போட்டு எழுதுவது டச்சு வழக்கம். கம்பெனிக் கணக்குப்பிள்ளைகள் இல்லையா, சாவையும் பைசா சுத்தமாகக் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள். போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியைக் கல்லுக்கு நேராகக் காட்டினேன். பதினேழாம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டல் அதற்குப் புரியவில்லை. "இங்கே பொய் சொல்கிறார்" என்றது. கிடக்கிறார் என்று வரவேண்டிய இடம்.

அந்தக் கம்பெனியின் பெயர்ச்சுருக்கம் வி.ஓ.சி. ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1602-இல் ஆரம்பித்தது. நமக்கு வி.ஓ.சி என்றால் வேறு ஆள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை. ரெண்டுமே கப்பல் கம்பெனி சம்பந்தப்பட்டது என்பதை இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

எடுத்த படங்களை அன்றிரவு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். நூற்றுச்சொச்சம். ஒன்றில்கூட ஒரு டச்சுக்காரர் உயிரோடு இல்லை. சமையலறை இல்லை, படுக்கை இல்லை, ஜன்னல் இல்லை. சரி, பழைய போட்டோ ஏதாவது கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையில் தட்டிக்கொண்டேன். 1824 ஒப்பந்தப்படி டச்சுக்காரர்கள் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் 1825-இல் கைமாறின. தாகெர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். பதினான்கு வருட இடைவெளி. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் வாழ்க்கையை ஒரு கேமராவும் பார்த்ததில்லை.

இருப்பதெல்லாம் வரைபடங்களும் செப்புத்தகட்டு ஓவியங்களும்தான். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்து தமிழும் கற்ற பால்டேயஸ் 1672-இல் மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அச்சானது ஆம்ஸ்டர்டாமில். இந்த மாதிரிப் புத்தகப் படங்களில் கோட்டை பெரிதாக இருக்கும், கப்பல் அதைவிடப் பெரிதாக இருக்கும். நம்ம ஆட்கள் கீழ் ஓரத்தில், இடம் காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காக, புள்ளி புள்ளியாக நிற்பார்கள்.

அன்றாட வாழ்க்கை வேறு இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் தொல்லியல் துறை தோண்டியபோது களிமண் புகைக்குழாய்கள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. புகை, குடி, சாப்பாடு. அப்புறம் நம்ம வாயில் ஒட்டின வார்த்தைகள். துட்டு என்பது 'டவுட்' என்ற டச்சுச் செப்புக்காசு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கம்பெனி காசு அடித்தது. கக்கூஸ் என்பதும் டச்சுச் சொல்தான். 'ஹௌஸ்' என்றால் வீடு, முன்பாதியை நான் சொல்லவேண்டியதில்லை. 1658-லிருந்து 1795 வரை டச்சு ஆட்சியில் இருந்த யாழ்ப்பாணத்தில் ஆபீசுக்கே கந்தோர் என்றுதான் பெயர். ஒல்லாந்தர் நமக்கு விட்டுப்போனது காசும் கழிவறையும் அலுவலகமும். என் தினசரி வாழ்க்கையில் முக்கால்வாசி அடங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு வடக்கே போனேன், பழவேற்காட்டுக்கு. டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் முதலில் வேர்விட்ட ஊர்களில் முக்கியமானது இது. 1610-இல் விஜயநகர அரசரின் அனுமதியோடு வந்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. ஆங்கிலேயர் மெட்ராஸில் கால் வைக்க இன்னும் 26 வருடம் இருந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தக் கரையின் டச்சு வியாபாரம் முழுக்க இங்கிருந்துதான் நடந்தது. கணக்கு எளிமையானது: கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வேண்டுமென்றால் அங்கே வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிக்குத்தான் மதிப்பு. ஆக, முதலில் இங்கே துணி வாங்கு, அதைக் கொடுத்து அங்கே மசாலா வாங்கு.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள் நிற்கின்றன. இன்ஸ்டாகிராமில் பழவேற்காடு என்று தேடினால் பூநாரைக்கு அடுத்து வருவது இந்த எலும்புக்கூடுகள்தான். நானும் எடுத்தேன், பன்னிரண்டு படம். அப்புறம் கோட்டையைத் தேடிப் போனேன். கோட்டை இல்லை. புதரும் மேடும் பள்ளமும்தான். டீக்கடைக்காரர் கையைக் காட்டி, "அதாம்பா கோட்டை, உள்ள போவாத, பாம்பு இருக்கும்" என்றார்.

அந்தப் புதர் இருக்கும் இடத்தில் வெடிமருந்து தயாரித்தார்கள். துணி மூட்டைகள் குவிந்தன. ஆட்களும் குவிந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் இந்தக் கரையில் மனிதர்கள் சல்லிசாகக் கிடைத்தார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. தரகர்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கம்பெனி வாங்கி, பழவேற்காட்டிலிருந்தும் மற்ற துறைமுகங்களிலிருந்தும் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றியது, ஆயிரக்கணக்கில். பத்தேவியா என்றால் இன்றைய ஜகார்த்தா. அங்கே டச்சுக்காரர்கள் சொந்த ஊர் ஞாபகத்தில் தெருத்தெருவாகக் கால்வாய் வெட்டியிருந்தார்கள். 1659-லிருந்து 1661 வரை தஞ்சைச் சீமை போரிலும் பஞ்சத்திலும் நாசமானபோது இது உச்சத்துக்குப் போனது. இலங்கைக்கும் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது குழுவில் தோழன் புதுப் படம் போட்டிருந்தான். ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வெர்மீர் வரைந்த பால்காரப் பெண். இடப்பக்க ஜன்னல் வெளிச்சம், மேசையில் ரொட்டி, மஞ்சள் மேலாடை, ஜாடியிலிருந்து மெல்லிய கோடாகப் பால். "என்ன அமைதி பாருடா" என்று எழுதியிருந்தான். உண்மைதான், எனக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த ஓவியத்தின் காலத்தை ஏறத்தாழ 1660 என்கிறார்கள். வரைந்த ஊர் டெல்ஃப்ட். கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அவள் பால் ஊற்றும் அதே ஒன்றிரண்டு வருடங்களில்தான் தஞ்சைப் பக்கத்துப் பெண் ஒருத்தி நாகப்பட்டினம் கரையில் படகேறக் காத்திருந்திருப்பாள். ஒரு வேலைக்காரிக்கு வெர்மீர் கிடைத்தார். இன்னொருத்திக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணிக்கை. அதனால் வெர்மீரைப் பார்க்காதே என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. நான் நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

நம்ம பக்கத்து ஆட்கள் அங்கே உள்ள படங்களில் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. வடக்கே ஹிண்டலோபன் என்ற சின்ன ஊரில் பெண்களின் பாரம்பரிய உடையில் பூப்போட்ட சீட்டித்துணி பிரசித்தம். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'சிட்ஸ்'. சோழமண்டலக் கரையில் யாரோ மூங்கில் பேனாவால் மெழுகும் சாயமும் தொட்டு வரைந்த துணி. லேயுவார்டன் நகர அருங்காட்சியகத்தில் அந்த ரகம் நிறைய இருக்கிறது. அங்கே போனால் போட்டோ எடுத்து அனுப்பு, முகம் வேண்டாம், துணியைக் கிட்டத்தில் எடு, கோடு நடுங்கின இடம் தெரியவேண்டும் என்று எழுதினேன்.

அவன் கேட்டிருந்த நாலு படங்களை அன்றிரவு தேர்ந்தெடுத்தேன். சட்ராஸ் கிடங்கு, கல்லறைக் கல், எலும்புக்கூடு வாசல். நாலாவதாக கெல்ட்ரியாவின் புதர். முதல் மூன்றுக்கும் கைதட்டல்கள் வந்தன. நாலாவதற்கு, "இதுல ஒண்ணுமே இல்லையேடா மச்சி, தப்பா அனுப்பிட்டியா?"

"இல்லடா, அதான் கோட்டை" என்று தட்டச்சு செய்துவிட்டு, மேலே எழுத ஆரம்பித்தேன்.