மீட்கப் போனவரின் உயிர்

கடல் மீட்புப் பணியின் வரலாற்றை எழுதுவோர் காப்பாற்றப்பட்டவர்களையே கணக்கெடுக்கிறார்கள். காப்பாற்றப் புறப்பட்டவர்களின் பக்கம் நின்றும் அதைப் படிக்க வேண்டும் என்பேன். அந்தப் பணி ஓர் அமைப்பாக வேரூன்றியதே அவர்களைப் பற்றிய கவலையால்தான்.

1822 டிசம்பரில், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவுக்கரையில் ரேஸ்ஹார்ஸ் என்ற போர்க்கப்பல் பாறையில் மோதி உடைந்தது. உதவப் போன உள்ளூர்க்காரர்களும் சிலர் மாண்டனர். அத்தீவில் குடியிருந்த சர் வில்லியம் ஹிலரி மறு ஆண்டே பிரிட்டிஷ் மக்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சிட்டு வெளியிட்டார். மீட்புப் படகு அப்போது புதிதல்ல. சவுத் ஷீல்ட்ஸில் ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய 'ஒரிஜினல்' 1790 முதலே கடலில் இறங்கிவந்தது. ஹிலரி கேட்டது நாடு முழுமைக்கும் ஓர் அமைப்பு. துணிந்தோருக்குப் பதக்கம், பரிசு. மீட்கப் போய் இறந்தவரின் மனைவி மக்களுக்கு ஆதரவு. கடைசிக் கோரிக்கையே ஆழமானது. கடலோடிக்குத் துணிவில் என்றும் குறைவில்லை. தான் திரும்பாவிட்டால் வீட்டில் அடுப்பெரியுமா என்ற கேள்விக்குத்தான் அதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

1824 மார்ச் 4 அன்று லண்டனில் அந்த அமைப்பு பிறந்தது. 1854 முதல் அதன் பெயர் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன். ஹிலரி எழுதியதோடு நின்றவர் அல்லர். 1830 நவம்பரில் செயின்ட் ஜார்ஜ் என்ற நீராவிக் கப்பல் பாறையில் சிக்கியபோது, 59 வயதில் படகேறினார். அலை அவரைக் கடலில் வீழ்த்தியது. விலா எலும்புகள் முறிந்தன. கப்பலிலிருந்த 22 பேரும் பிழைத்தனர்.

1854இல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர் கேப்டன் வார்ட் தக்கைத் துண்டுகளைக் கித்தான் துணியில் வரிசையாகத் தைத்து ஒரு மிதவைச் சட்டை வடிவமைத்தார். துடுப்புப் போடும் கைகளுக்கு அது தடையாக இராது. அதன் அருமையை உலகுக்குக் காட்டியது ஒரு துயரம். 1861 பிப்ரவரி 9 அன்று யார்க்‌ஷயர் கரையில் கடும்புயல். விட்பி ஊர்ப் படகுக்காரர்கள் ஐந்து முறை போய்ப் பல கப்பல்களின் ஆட்களைக் கரைசேர்த்தார்கள். ஆறாம் முறை படகு கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் இறந்தனர். மிஞ்சியவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவரே. வார்டின் புதிய சட்டையை அணிந்திருந்தவர் அவர். பின்னர் அதே ஊரின் படகுத் தலைவராகி நீண்டகாலம் கடலில் இறங்கினார் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

1886 டிசம்பரில் மெக்சிகோ என்ற கப்பலை மீட்கச் சென்ற சவுத்போர்ட், செயின்ட் ஆன்ஸ் படகுகளில் 27 பேர் மாண்டனர். அவர்களின் குடும்பங்களுக்காக நாடே கைகொடுத்தது. அதையொட்டி எழுந்த நிதி முயற்சிகளின் தொடர்ச்சியாக 1891இல் மான்செஸ்டர் வீதிகளில் உண்டியல் ஏந்தினார்கள். 5,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

அரசுகளின் பொறுப்பு பின்னரே வந்தது. டைட்டானிக் மூழ்கியபின் 1914இல் கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. 1979இல் ஹாம்பர்க்கில் கையெழுத்தான தேடல் மீட்பு உடன்படிக்கை 1985இல் நடைமுறைக்கு வந்தது. இன்று சென்னையில் இந்தியக் கடலோரக் காவல்படை நடத்தும் ஒருங்கிணைப்பு மையமும் இந்த ஏற்பாட்டின் ஒரு கண்ணியே. இத்தகைய மையங்களுக்கான சர்வதேசக் கையேடு, தேடலைத் திட்டமிடும்போது மீட்புக் குழுவினருக்கு நேரக்கூடிய ஆபத்தையும் எடைபோடச் சொல்கிறது.