துணையின் திடீர் மரணமும் குற்ற உணர்வும்

உளவளத்துணைப் பணியில், துணையை இழந்தவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் சொல் "அன்றைக்கு". அன்றைக்குத் தண்ணீர் எடுக்கப் போகவிடாமல் மறித்திருந்தால் எறிகணை பட்டிருக்காது. அன்றைக்கு நெஞ்சு நோகுது என்றவுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருந்தால் உயிர் தப்பியிருக்கும். அன்றைக்குக் காலையில் சண்டை பிடிக்காமல் இருந்திருக்கலாம். துக்கத்தோடு சேர்ந்து வரும் இந்தக் குற்ற உணர்வு பலரை ஆண்டுக்கணக்கில் வாட்டுகிறது.

ஏன் வருகிறது?

நீண்ட நாள் நோயில் விடைபெற, மன்னிப்புக் கேட்க அவகாசம் இருக்கும். திடீர் மரணத்தில் அது இல்லை. அதனால் மனம் கடைசி நாளையே திரும்பத் திரும்பத் தேடுகிறது. முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருக்க வேண்டியது போலத் தோன்றுவது மனித மனத்தின் இயல்பு. உளவியலாளர் பரூக் பிஷ்ஹொஃப் 1975இல் இதை ஆய்வு செய்து காட்டினார். 2009இல் பதுங்குகுழிக்குள் இருப்பதிலும் ஆபத்து, வெளியே போவதிலும் ஆபத்து. எறிகணையை ஏவியவரின் பொறுப்பை, தண்ணீர் எடுக்கச் சொன்னவர் சுமக்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

• நம்பிக்கையான ஒருவரிடம் அந்த நாளை வரிசையாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும், என்ன வழி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

• சொல்லாமல் விட்டதை அவருக்குக் கடிதமாக எழுதுங்கள், அல்லது படத்தின் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

• எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத்திவசம் ஆகியவை துக்க வீட்டுக்கு உறவுகளை இடைவெளி விட்டு அழைத்து வருபவை. உடலைக்கூட முறையாக அடக்கம் செய்ய முடியாதவர்கள் இன்றும் அந்தத் திகதியில் விளக்கேற்றிச் செய்யலாம். காலம் கடந்துவிடவில்லை.

• அழவும் வேண்டும், தோட்டத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்க்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடையே மாறிமாறிப் போய்வருவதே இயல்பான துக்கம் என்கிறார்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் (1999). சிரிப்பது துரோகம் ஆகாது.

உறவினர்களுக்கு

"எல்லாம் விதி", "பிள்ளைகளுக்காக அழாதே" என்ற வார்த்தைகள் வாயை அடைத்துவிடும். இழந்தவர் பெண்ணானால் அவளது ராசியைக் குறை சொல்வதும், நல்ல காரியங்களில் ஒதுக்கி வைப்பதும் இல்லாத குற்றத்தை அவள் தலையில் சுமத்துகின்றன. பக்கத்தில் இருந்து கேளுங்கள். வீட்டு வேலையில் ஒன்றைப் பொறுப்பெடுங்கள்.

எப்போது உதவி தேவை?

ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துக்கம் தணியாமல் அன்றாட வாழ்வே முடங்கினால், அதை நீடித்த துக்க நோய் என உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு கணிக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

பல ஆண்டுகள் கழித்து முதன்முறையாகப் பேச வருபவர்களையும் நான் பார்க்கிறேன். அவர்களுக்கும் பாரம் குறைகிறது.