ஒட்டுண்ணிகளை எண்ணிய கதை

மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் மீன்களுக்குப் பொரி போட்டிருக்கிறீர்களா? அடுத்த முறை அவற்றைச் சற்று உற்றுப் பாருங்கள். நன்னீர் மீன்களின் உடலில் சில வேளை நூல் துண்டு போல் ஒன்று தொங்கும். அதுதான் நங்கூரப் புழு. 'லெர்னியா' என்பது அதன் அறிவியல் பெயர்.

1758இல் லின்னேயஸ் அதைப் புழுக்களோடு சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதிர்ந்த பெண்ணுக்குக் காலும் கணுவும் எளிதில் புலப்படா. தலையைக் கிளைகளாக்கி மீனின் சதைக்குள் ஊன்றிக்கொண்டு, வெளியே இரண்டு முட்டைப் பைகளைத் தொங்கவிடுகின்றது. முட்டையிலிருந்து வரும் குஞ்சைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: அது நீரில் நீந்தித் திரியும், இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு! ஆண் நங்கூரமிடுவதே இல்லை. இணை சேர்ந்தபின் மடிந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சி. பி. ஞானமுத்து, 'லெர்னியா சாக்கோயென்சிஸ்' என்னும் இனத்தின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து 1951இல் 'பாரசைட்டாலஜி' என்ற ஆங்கில இதழில் எழுதினார்.

வாழ்க்கை வரலாறு சரி, எண்ணிக்கை? இங்கே இயற்பியல் ஆசிரியனாகிய நான் மூக்கை நுழைக்கிறேன். 100 மீன்கள், 200 ஒட்டுண்ணிகள் என்று கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு இறைத்ததுபோல் அவை பரவினால், பாய்சான் விதிப்படி ஏறக்குறைய 14 மீன்கள் தப்பும். 1910இல் ரூதர்போர்டும் கைகரும் ஆல்ஃபா துகள்களை எண்ணியபோது இவ்விதி பொருந்தியது. ஒட்டுண்ணிகளுக்கோ பெரும்பாலும் பொருந்துவதில்லை. பல மீன்களில் ஒன்றுமிராது. ஒரு சிலவற்றில் மொய்த்துக் கிடக்கும். வலையில் வந்த ஐந்து மீனைப் பார்த்துவிட்டுக் 'குளம் சுத்தம்' என்பவர் ஏமாந்து போவார்.

இந்தக் குவிதலே ஒட்டுண்ணி வாழ்வின் முக்கிய அடையாளம் என்று 1971இல் கிராஃப்டன் என்ற ஆங்கிலேயர் எடுத்துக் காட்டினார். சுமை மிகுந்த விலங்கு சாகும்போது அதன் மேலுள்ள அத்தனை ஒட்டுண்ணிகளும் உடன் சாகின்றன அல்லவா? 1978இல் ஆண்டர்சனும் மேயும் இதைச் சமன்பாடுகளாக்கினார்கள். மே அடிப்படையில் இயற்பியலாளர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு! அவர்களுடைய எளிய மாதிரியில், ஒட்டுண்ணிகள் தற்செயலாகப் பரவினால் இரு தரப்பின் எண்ணிக்கையும் உராய்வில்லாத ஊசல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். குவிந்தால் ஆட்டம் தணிந்து நிலைபெறும்.

வளர்ப்புக் குளத்தின் நெருக்கடியில் இந்தத் தணிப்பை நம்பியிருக்க முடியாது. நீந்தும் குஞ்சுக்கு அடுத்த மீன் அருகிலேயே கிடைத்துவிடுகிறது. நமது வெதுவெதுப்பான நீரில் முட்டை முதல் முட்டை வரை சுமார் மூன்றே வாரங்கள்தாம்.