குண்டின்மேல் எழுதப்பட்ட பாட்டு

‘கஸ்பா’ என்னும் சொல் நமக்குப் புதியதன்று. வேலூரிலும் ஆம்பூரிலும் அப்பெயர் தாங்கிய பகுதிகள் உள்ளன. அரபியில் ‘கஸபா’ என்பது நாணலுக்கும் பெயர். ஒரு நாட்டின் தலைமையூருக்கும் பெயர். கிழக்கே பாரசீகம் வழியாக அச்சொல் நம் வருவாய்த் துறைக் கணக்குகளுள் புகுந்தது. மேற்கே மக்ரிபில் கோட்டையையும், அதைச் சூழ்ந்த பழைய ஊரையும் குறிக்கலாயிற்று. அல்ஜீரியத் தலைநகரின் கஸ்பாவோ, 1956, 57ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடிய விடுதலை வீரர்களின் புகலிடம். இச்சொல்லை 1982இல் இலண்டன் பாடகர் குழுவொன்று தன் பாட்டின் தலைப்பில் வைத்தது. ‘ராக் த கஸ்பா’ என்பது அப்பாட்டு.

குழுவின் பெயர் ‘தி கிளாஷ்’. 1976இல் தோன்றியது. ‘பங்க்’ என்பது அக்காலத்து ஆங்கில இளைஞர் கைக்கொண்ட முரட்டு இசை. நயமான பயிற்சியை அது நாடவில்லை. அதிகாரத்தின்மீதுள்ள சினத்தை உரக்கச் சொல்வதே அதன் நோக்கம். குழுவின் பாடலாசிரியர் ஜோ ஸ்டிரம்மர், தூதரகப் பணியாளர் ஒருவரின் மகன். 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். அவர் தந்தை பிறந்தது நம் லக்னோவில் என்பதையும் இடையே சொல்லி வைக்கிறேன்.

மெட்டைத் தந்தவர் முரசுக்காரர் டாப்பர் ஹெடன். நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் தோழர்கள் வருமுன் வந்தவர், முரசு, பியானோ, கீழ்சுரக் கிதார் ஆகிய மூன்றையும் தாமே வாசித்துப் பதிந்துவிட்டார். பிரிவாற்றாமை குறித்து அவர் எழுதியிருந்த வரிகளை ஸ்டிரம்மர் ஒதுக்கிவிட்டு, வேறு சொற்களைத் தேடினார். குழுவின் மேலாளர் பெர்னி ரோட்ஸ், பாட்டுகள் நம் நாட்டு ராகம்போல் நீண்டுகொண்டே போவதாகச் சலித்துக்கொண்டது அவர் நினைவில் இருந்தது. ராகத்தை நிறுத்தச் சொல்லும் ஓர் அரசன் அங்கே உருவானான். ஈரானில் நடன இசைத்தட்டு வைத்திருந்தவருக்குச் சவுக்கடி என்று தாம் கேள்வியுற்ற செய்தியையும் ஸ்டிரம்மர் அதனோடு இணைத்தார். 1979 ஜூலையில் ஆயத்துல்லா கொமெய்னி, இசையை அபினுக்கு ஒப்பிட்டு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதை நிறுத்தச் சொல்லியிருந்த காலம் அது.

பாட்டின் கதை எளியது. ‘ஷரீஃப்’ எனப்படும் ஆட்சியாளன் இசையைத் தடுக்கிறான், மக்கள் கேட்கவில்லை. ஆடுவோர்மீது குண்டு வீசுமாறு விமானிகளை ஏவுகிறான். அவர்களோ ஆணையை மீறி, விமானத்து வானொலியில் அதே இசையை முழக்குகின்றனர்.

இதில் குறை காண்பது கடினமன்று. ஈரானியர் அரபியர் அல்லர். கஸ்பா ஈரானில் இல்லை. ஷரீஃப் என்பது நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றலுக்குரிய கண்ணியமான பெயர். பதூவியும் முஅத்தினும் இந்திய ராகமும் ஒரே சட்டியில் கிளறப்பட்டிருக்கின்றன. இசை ஆகுமா, ஆகாதா என்பதைப் பற்றி நம் இமாம்கள் எவ்வளவு நுட்பமாக வாதிட்டுள்ளனர்! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ‘ஸமாஉ’க்கெனத் தனிப் பகுதியே வகுத்து, நிபந்தனைகளுடன் இடமளித்தார், இப்னு தைமிய்யா (ரஹ்) கடுமையாக மறுத்தார். அந்த நுட்பமெல்லாம் இளம் பாடகர்களுக்கு எட்டியிருக்க வழியில்லை. எனினும் ஒன்றை மறைக்கலாகாது. அப்பாட்டு எள்ளுவது ஆட்சியாளனை, மக்களையன்று. விமானிகள்கூட அதில் மக்கள் பக்கமே நிற்கின்றனர்.

இனி நேர்ந்ததைப் பாருங்கள். 1991 ஜனவரியில் ஈராக்கின்மீது வான்தாக்குதல் தொடங்கியது. அமெரிக்கப் படை வானொலி அப்போது முதலில் ஒலிபரப்பியது இப்பாட்டையே என்பர். குண்டொன்றின்மேல் இதன் தலைப்பு எழுதப்பட்டதென்ற செய்தியும் பரவியது. அதைக் கேட்டு ஸ்டிரம்மர் அழுதார் என அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். குண்டு வீச மறுத்த விமானிகளைப் பாடிய பாட்டு, குண்டு வீசச் சென்றவர்களின் முழக்கமாயிற்று! ஒரு கவிஞனுக்கு இதனினும் கொடிய அவமதிப்பு என்ன இருக்க முடியும்?

பத்தாண்டு கழித்து 2001 செப்டம்பர் தாக்குதல் நிகழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களை நடத்திய ‘கிளியர் சேனல்’ நிறுவனத்தில், அச்சமயம் ஒலிபரப்பத் தகாதவையெனப் பாட்டுகளின் பட்டியலொன்று சுற்றுக்கு விடப்பட்டது. அதிலும் ‘ராக் த கஸ்பா’ இருந்தது. அரசாணையன்று, அறிவுரைதான் என்றார்கள். இசைத் தடையைப் பழித்த பாட்டைத் தள்ளிவைக்க அமெரிக்காவிலும் ஆள் இருந்திருக்கிறது. மறு ஆண்டு டிசம்பரில், ஐம்பதாம் வயதில் ஸ்டிரம்மர் இறந்தார்.

ரஷீத் தாஹாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1958இல் அல்ஜீரியாவில், வஹ்ரான் பக்கத்துச் சீக் என்னும் ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர். லியோன் நகரில் தொழிலாளியாய் உழைத்தபடியே பாடியவர். 1981இல் கிளாஷ் குழுவினர் பாரிசுக்கு வந்தபோது, அரபி ராக் பாட்டுகள் அடங்கிய தம் நாடாவை அவர்களிடம் கொடுத்ததாகவும், மறுமொழி வரவில்லை என்றும், அடுத்த ஆண்டே இப்பாட்டைக் கேட்டு வியந்ததாகவும் தாஹா சொல்லி வந்தார். மேலாளரின் சலிப்பும் ஈரான் செய்தியும் இருக்க, அந்த நாடாவுக்கு நான் பெரும் பங்கு தரமாட்டேன். ஆனால் தாஹா வழக்காடவில்லை. 2004இல் அப்பாட்டை அரபியில் பெயர்த்து, குழலும் தந்தி வாத்தியங்களும் அரபு முழவும் சேர, ‘ராக் எல் கஸ்பா’ எனத் தம் குரலில் பாடி வெளியிட்டார். கஸ்பா என்ற சொல் அதைப் பேசும் மக்களின் நாவில் திரும்ப ஏறியது. மறு ஆண்டு இலண்டனில் ஈராக் போரை எதிர்த்து நடந்த இசை நிகழ்ச்சியில் தாஹா அதைப் பாடினார். அருகில் நின்று கிதார் வாசித்தவர், பழைய கிளாஷ் குழுவின் மிக் ஜோன்ஸ்.