புதிய பொறியும் பழைய செய்நிரலும்

கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். வெற்றிடக் குழாய் போய்த் திரான்சிற்றர் வந்ததும், அதன்பின் நுண்சில்லு வந்ததும் பெரு நிகழ்ச்சிகளாக எடுத்துரைக்கப்படுகின்றன. ஆயின் பொறியோடு கூடவே வளர்ந்த மற்றொரு செல்வம் உண்டு, அதுவே செய்நிரல். பொறி தேயும், ஈற்றிற் கழிக்கப்படும். செய்நிரலோ பலர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தும் திருத்தியும் எழுதிய எழுத்து, அது தேய்வதில்லை. எனினும், தான் எழுதப்பெற்ற பொறியையும் அப்பொறியை ஆளும் பணிசெயல் முறைமையையும் விட்டு அது தனித்து இயங்கவும் மாட்டாது. ஆகவே பொறியோ முறைமையோ மாறுந்தோறும் பழைய செய்நிரலின் கதி யாது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளே கணினி வரலாற்றின் போக்கைப் பன்முறை நிருணயித்தன.

இவ்வினா பேருருக் கொண்டு எழுந்தது 1960 களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிலாகும். ஐ.பி.எம். நிறுவனம் 1959 இல் அறிமுகஞ் செய்த 1401 என்னும் கணினி, காலப்போக்கிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அளவில் விற்பனையாயிற்று. சம்பளப் பட்டியலும் இருப்புக் கணக்கும் காப்புறுதிப் பதிவுகளும் அதற்கென எழுதப்பட்ட செய்நிரல்களாலேயே நடைபெற்றன. இந்நிலையில் 1964 ஏப்பிரல் 7 இல் அந்நிறுவனம் சிஸ்ரம் 360 என்னும் புதிய கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதும் பெரியதுமான கணினிகள் யாவும் ஒரே கட்டளைத் தொகுதியைக் கைக்கொள்ளும் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. ஆயின் அக்கட்டளைத் தொகுதி 1401 க்கு உரியதன்று. தன்னை நம்பி வாங்கியோரின் உழைப்பை ஐ.பி.எம். தானே பயனற்றதாக்கும் நிலை தோன்றிற்று.

போற்றியாளரும் வாளாவிருக்கவில்லை. ஹணிவெல் நிறுவனம் 1963 டிசெம்பரில் 200 என்னும் கணினியை அறிவித்து, 1401 இன் செய்நிரல்களைத் தன் பொறிக்கேற்ப மாற்றித் தரும் ஏற்பாட்டையும் உடன் அளித்தது. அதற்கு 'விடுவிப்போன்' எனப் பொருள்படும் பெயரை இட்டமை அதன் நோக்கத்தைத் தெளிவாக்கும்.

ஐ.பி.எம். கண்ட விடை பொறியின் உள்ளமைப்பிலேயே இருந்தது. சிஸ்ரம் 360 இன் கணினிகள் பலவற்றில், மின்சுற்றுக்களை நெறிப்படுத்தும் நுண்கட்டளைகள் தனியொரு நினைவகத்தில் இடம்பெற்றிருந்தன. அந்நுண்கட்டளைகளோடு வேறு சிலவற்றையுஞ் சேர்த்தால், புதிய பொறி பழைய பொறியின் கட்டளைகளையும் உணர்ந்து செயற்படும். இதனை ஒப்பச்செய்தல் எனலாம். இவ்வாறு 30 ஆம் மாதிரிக் கணினியில் 1401 இன் செய்நிரல்கள் முன்னையிலும் விரைவாக இயங்கின. புதிய கணினிக்குரிய பெரும் பணிசெயல் முறைமையோ காலந்தாழ்த்தி 1966 இலேயே வெளிவரத் தொடங்கிற்று. ஆதலின் புதிய பொறியை வாங்கியோர் பலர் அதனைப் பழைய பொறியாகவே நெடுநாள் நடத்தினர். புதுமையின் வெற்றிக்குப் பழமையே துணைநின்றது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் இதே வினா மேசைக் கணினியில் மீண்டும் எழுந்தது. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினியின் டொஸ் முறைமையில், ஒரு செய்நிரல் தானே பொறிக்கு முழு உரிமையாளன் போல நடந்தது. திரையையும் நினைவகத்தையும் நேரே கையாண்டது. பல செய்நிரல்கள் ஒருங்கே இயங்கும் விண்டோஸ் முறைமையில் அவ்வுரிமை தகாது. 1985 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 80386 செயலி இதற்கு வழி வகுத்தது. பழைய செய்நிரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு பழைய கணினி இருப்பது போன்ற தோற்றத்தை அது அளித்தது. 1993 இல் அடியிலிருந்து புதிதாகக் கட்டப்பட்ட விண்டோஸ் என்.ரி. முறைமையும், 1995 இன் விண்டோஸ் 95 முறைமையும் இவ்வழியைப் பயன்படுத்தின.

பழையதைக் காத்தற்கு மைக்ரோசொவ்ற் நிறுவனத்தார் எத்துணைத் தூரஞ் சென்றனர் என்பதற்குச் சிம்சிற்றி என்னும் விளையாட்டுப் பற்றிய செய்தி சான்றாகும். அது தான் விடுவித்துவிட்ட நினைவகத்தையே மீண்டும் படிக்கும் பிழையுடையதாம். முன்னைய விண்டோஸில் அப்பிழை வெளிப்படவில்லை; விண்டோஸ் 95 இல் அது விளையாட்டை முறித்தது. முறைமையை ஆக்கியோர் விளையாட்டைக் குறை கூறி அமையாது, அச்செய்நிரல் இயங்கும்போது மட்டும் நினைவகத்தை உடனே மீட்டெடாதவாறு தம் முறைமையையே மாற்றினர் என்பர். பிறர் பிழையையுந் தம் கடமையாக ஏற்றமை இது.

இத்தகைய சுமைக்கும் எல்லையுண்டு. 64 பிற்று விண்டோஸ் முறைமைகள் 16 பிற்றுச் செய்நிரல்களை ஏற்க மறுத்தன. 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிற்று வடிவில் மட்டுமே கிடைத்தமையின் அவற்றுக்கு அங்கு இடமில்லாது போயிற்று.

அப்பிள் நிறுவனம் கைக்கொண்ட நெறி வேறு. அதன் மக்கின்ரொஷ் கணினி 1994 இலும் 2006 இலும் 2020 இலும் செயலியை மாற்றியது. ஒவ்வொரு முறையும் பழைய செய்நிரல்கள் கடந்து வருதற்குப் பாலம் அமைக்கப்பட்டது; முதலிரு பாலங்களும் சில ஆண்டுகளின் பின் நீக்கப்பட்டன. 2006 இன் பாலம் றொசெற்றா எனப் பெயர் பெற்றது. எகிப்தின் பண்டை எழுத்தைப் படித்தற்கு உதவிய கல்லின் பெயர் அது. அக்கல் ஈராயிரம் ஆண்டின் பின்னும் பயன்பட்டது. அதன் பெயர் தாங்கிய ஏற்பாடோ 2011 இல், ஐந்தாண்டுகளில், விலக்கப்பட்டது.

நிறுவனங்கள் கைவிட்ட பணியை ஆர்வலர் மேற்கொண்டனர். 1993 இல் தொடங்கிய வைன், லினக்ஸ் முறைமையில் விண்டோஸ் செய்நிரல்களை இயக்குகின்றது. 2002 இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ், பழைய கணினி முழுவதையுமே செய்நிரலால் ஒப்பச்செய்து தருகின்றது.

பழையதை முற்றாகச் சுமப்போன் விரைந்து நடவான். முற்றாக உதறுவோன் தன் முன்னோர் தேடியதை இழப்பான். ஐ.பி.எம். முதலாயினோர் பழையதைச் சுமந்தமை அன்பினாலன்று, வாணிப நலங் கருதியே. நலம் ஒழிந்தவிடத்துச் சுமையும் இறக்கப்பட்டது. ஆயின் ஒரு செய்நிரல் இயங்காதொழியின், அதனால் மட்டுமே திறந்து படிக்கத்தக்க கணக்கும் பதிவும் ஆய்வும் உடன் மறையும். ஆதலின், எதனைக் காத்தல் வேண்டும் என்னுந் தீர்ப்பை வாணிபத்தின் கையில் மட்டும் விட்டுவிடலாகாது. நூலகமும் சுவடிக்கூடமும் கல்விக்கழகமும் அப்பொறுப்பிற் பங்குகொள்ளல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.